கிண்ணத்து மண்ணைத் தூக்கிய குருவி

பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தகைவிலான் குருவிக்கு வால் விசிறி மாதிரி வட்டமாக இருந்தது. கூடு கட்ட அதற்குத் தெரியாது. கடலோரப் பாறை வெடிப்பில் முட்டையிடும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், முட்டை உருண்டு கடலில் விழுந்துவிடும். வருடா வருடம் இதே கதைதான்.

யவனர் நாட்டுக் கடலில் ஹாலியா என்று ஒரு தீவு இருந்தது. நாற்பது வீடு, ஓர் ஊர் மன்றம், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, அவ்வளவுதான். மதிய வேளையில் வெயில் பால் போலப் படிந்து, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

அங்கே ஒருநாள் பாரசீகப் பேரரசரின் தூதர் வந்து இறங்கினார். பெயர் பகபாதர். நரைத்த தாடி, வீங்கிய கால். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணமும் ஒரு வெள்ளிச் செம்பும்.

"உங்கள் ஊர் மண்ணில் ஒரு கிண்ணம், தண்ணீரில் ஒரு செம்பு. பேரரசருக்கு அது போதும்" என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் கொடுத்துவிட்டால் ஊரே பேரரசருடையது. வீட்டுக்கு ஓர் ஆண் அவருடைய போர்க்கப்பலில் துடுப்புப் போடப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் அதே கப்பல்கள் வந்து ஊரைக் கொளுத்தும்.

யவனர் எதையும் கல் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். கொடுக்கலாம் என்பவர் வெள்ளைக் கூழாங்கல், கூடாது என்பவர் கறுப்புக் கூழாங்கல். மன்றத்தில் ஜாடியைக் கவிழ்த்தபோது வெள்ளைதான் அதிகம் விழுந்தது.

கிணற்றை ஒட்டிய வீட்டில் மிர்தோ என்ற பெண் இருந்தாள். அவள் கணவன் அக்மோன் மீன் பிடிக்கிறவன்.

"நீங்கள் என்ன கல் போட்டீர்கள்?"

"வெள்ளை. வீடு எரிவதைவிட நான் போவது மேல் இல்லையா?"

"போனவர்கள் யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா?"

அக்மோன் வலையில் இல்லாத கிழிசலைத் தேடிக்கொண்டிருந்தான்.

தூதரின் செம்பில் தண்ணீர் நிரப்பும் வேலை மிர்தோவுக்கு வந்தது. கிணற்றடியில் அழுதுகொண்டே இறைத்தாள். கிணற்றுச் சுவரில் தகைவிலான் உட்கார்ந்திருந்தது.

"என்ன அக்கா, கண்ணீரும் செம்பில் விழுகிறதே. ராஜாவுக்குக் கரிக்கப் போகிறது."

"உனக்கு விளையாட்டாக இருக்கிறதா? என் வீட்டுக்காரர் போகப் போகிறார்."

"தூதரைக் கெஞ்சினால் என்ன?"

"அவர் ஓர் ஊரை ஒரு தடவைதான் கேட்பாராம். வாங்கினதும் போய்விடுவாராம்."

"வாங்கின பிறகு தொலைந்துபோனால்?"

மிர்தோ கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "அது அவர் பாடு. நாங்கள் கொடுத்தாயிற்றே."

"அப்படியானால் கொடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தூக்கிய மண்ணை வைக்க உன் வீட்டு உத்தரத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும். என் முட்டைகள் இனியும் கடலுக்குப் போகக் கூடாது."

"அடுப்புக்கு நேர் மேலேயா? என் மாவுப் பானையில் எச்சம் போடுவாயே!"

"போடுவேன்தான்" என்றது குருவி.

மிர்தோவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போட்டுத் தொலை."

ஊர்ப் பெரியவர்கள் மண்ணையும் தண்ணீரையும் தூதர் கையில் கொடுத்தார்கள். புறப்படக் காற்று இல்லை. கடல் கண்ணாடியாய்க் கிடந்தது. பகபாதர் மன்றத்துத் தூண் நிழலில் கிண்ணத்தையும் செம்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் அவரைத் தாலாட்டியது. கண் மூடிவிட்டது.

குருவி வந்து மண்ணைக் கொத்தியது. காய்ந்த மண் அலகிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது. செம்பில் அலகை நனைத்துக்கொண்டு மறுபடி எடுத்தது. இப்போது மண் உருண்டையாய் ஒட்டிக்கொண்டது. அதைக் கொண்டுபோய் மிர்தோ வீட்டு உத்தரத்தில் அப்பியது. திரும்பி வந்தது. தண்ணீர், மண், உத்தரம். தண்ணீர், மண், உத்தரம். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

செம்பின் கடைசிச் சொட்டில் நனைத்துக் கடைசி உருண்டையை எடுக்கும்போது தூதர் விழித்துவிட்டார். எட்டிப் பிடித்தார். வால்தான் அகப்பட்டது. குருவி விடுபட்டுப் பறந்தது. வாலின் நடு இறகுகள் அவர் கையிலேயே நின்றுவிட்டன.

காலை இழுத்துக்கொண்டு அவர் மிர்தோவின் வீட்டுக்கு வந்து, உத்தரத்தைப் பார்த்துத் தடியை ஓங்கினார். ஈரக் கூட்டுக்குள் இரத்தம் கசியும் வாலோடு குருவி பதுங்கியிருந்தது.

"அடியுங்கள் ஐயா" என்றாள் மிர்தோ. "உங்கள் மண்ணும் தண்ணீரும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியுமா?"

தடி அந்தரத்திலேயே நின்றது.

பயத்தில் அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "வாசலில்தான் எவ்வளவு மண் கிடக்கிறது..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்மோன் தலையில் கை வைத்தான்.

"நானே அள்ளினால் நீங்கள் கொடுத்தீர்கள் என்று நான் சொல்ல வேண்டும்" என்றார் பகபாதர். "பொய் சொன்ன பாரசீகனுக்கு அவன் தாய்கூடச் சோறு போடமாட்டாள், அம்மா."

"இன்னொரு தடவை எங்களைக் கேட்பீர்களா?"

"முதல் தடவை கேட்டால் அது கட்டளை. இரண்டாம் தடவை கேட்டால் பிச்சை. பேரரசர் பிச்சை எடுப்பதில்லை."

"அவர் உங்களைக் கேட்டால்?"

"நடந்ததைச் சொல்வேன்." அவர் ஊரின் நாற்பது வீட்டையும் ஒரு முறை பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "இவ்வளவு சின்ன ஊரை யார் ஞாபகம் வைத்துக் கேட்கப் போகிறார்கள்?"

காற்று எழுந்தது. கப்பல் போயிற்று. பேரரசர் கேட்கவே இல்லை. அடுத்த வேனிலில் தூரத்துக் கடலில் பேரரசரின் போர்க்கப்பல் பாய்கள் வரிசை வரிசையாய், யாரோ போட்ட வெள்ளைக் கூழாங்கற்கள் போலக் கடந்து போயின. எதுவும் ஹாலியாவின் பக்கம் திரும்பவில்லை. அக்மோன் கரையில் உட்கார்ந்து, இப்போது நிஜமாகவே கிழிந்திருந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். உத்தரத்தில் நான்கு குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின. கீழே மிர்தோ மாவுப் பானையை மூடி வைத்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

தகைவிலானின் வால் நடுவில் பிளந்தது அப்போதிலிருந்துதான். அதன் கூடு ஒரு கிண்ணத்தின் பாதி போல இருப்பதும், மண்ணைத் தண்ணீரில் குழைத்துத்தான் அது கட்டுவதும், எச்சம் விழுகிறதென்று எவ்வளவு புலம்பினாலும் எந்த வீட்டுப் பெண்ணும் அந்தக் கூட்டில் கை வைக்காததும் அன்று தொடங்கியதுதான்.