பூட்டிய கதவும் ஆறிய ரசமும்

மணல்மேட்டுச் சீமையை ஆண்ட கோதண்டராயருக்குப் பகைவர் என்று யாரும் கிடையாது. ஆறிப்போன ரசம் ஒன்றுதான் பகை.

மடைப்பள்ளிக்கும் போஜன சாலைக்கும் நடுவே நூறு தப்படி முற்றம். அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் புறப்படும் ரசம், இலைக்கு வந்து சேரும்போது கிணற்றுத் தண்ணீர். அப்பளத்தைப் பிழிந்து காயப்போடலாம்.

"பக்கத்துச் சீமை ராஜா விருந்துக்கு வருகிறார். நடுவிலே ஓர் அறை கட்டுங்கள்! பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே இருக்கட்டும். எல்லாம் அங்கிருந்து சுடச்சுட இலைக்கு வரட்டும்!" என்றார் ராஜா.

இதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? இருபது வருஷமாக உக்கிராணத்தையும் பந்தியையும் கட்டி ஆளும் செண்பகவல்லியிடம். யாரிடம் சொன்னார்? மந்திரி வெங்கண்ணாவிடம். அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானாக எடுத்ததில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் சமையல்கட்டுக்குத் திட்டம் போட முதலில் ஓடி வருவார்கள்.

அறை எழும்பியது. தரையிலிருந்து கூரைவரை அலமாரி. தினம் வேண்டிய கரண்டிகள் உச்சித் தட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வரும் வெள்ளிக் குத்துவிளக்குகள் கைக்கெட்டும் தட்டில். பார்வையாக இருக்குமாம்! சுடுகிற பாத்திரத்தை இறக்கி வைக்க ஒரு சாண் மேடை இல்லை. முற்றத்து வழியைச் சுவர் வைத்து அடைத்து, அங்கேயும் அலமாரி. போஜன சாலைப் பக்கம் யானை செதுக்கிய தேக்குக் கதவு. அதில் முழ நீளத்துக்குப் பூட்டு.

"உள்ளே வெள்ளி இருக்கிறது பார். ஒவ்வொரு பதார்த்தமும் பரிமாறி முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும்," என்றார் மந்திரி.

"அடுத்த பதார்த்தத்துக்கு?" என்றாள் செண்பகவல்லி.

"கேட்டு வாங்கிக்கொள்ளேன். அப்படியென்ன அவசரம் உனக்கு?"

அதோடு விட்டாரா? ராஜாவின் காதையும் கடித்தார். "இவ்வளவு செய்தும் ரசம் ஆறினால் தப்பு அறையில் இல்லை மகாராஜா, பரிமாறுகிறவளிடம். என் மைத்துனன் சும்மாதான் இருக்கிறான்..."

ராஜா செண்பகவல்லியைக் கூப்பிட்டார். "விருந்தில் ரசம் ஆறியிருந்தால் உக்கிராணத்தை மந்திரியின் மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போ."

"ஆகட்டும் மகாராஜா. ஒன்றே ஒன்று. விருந்தாளி வருவதற்கு முன்னால் நம் ஆட்களுக்கு ஒரு பந்தி போட்டுப் பார்த்துவிடலாம். நடு இலை தங்களுக்கு. பக்கத்து இலை மந்திரியாருக்கு."

மந்திரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பந்தி போட்டார்கள். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் கை வைத்தபின் ஒருவர் எழுந்தாலும் பந்தி முடிந்தது, எல்லாரும் எழுந்துவிட வேண்டும். ராஜா இருக்கிற பந்தி அப்படிப் பாதியில் எழுந்தால் நாட்டுக்கே ஆகாது என்று நம்பிக்கை.

கறி, கூட்டு, சாதம், சாம்பார் எல்லாம் இலைக்கு வந்தன. பரிமாறுகிற ஆட்கள் எல்லாரும் ரசம் எடுக்க அறைக்குள் போனார்கள். செண்பகவல்லி கதவைப் பூட்டி, சாவியைப் பணிவாக மந்திரியிடம் நீட்டினாள். அவர் அதைப் பட்டுக் கச்சையில் வைத்து இரட்டை முடிச்சாக முடிந்துகொண்டார். எல்லாரும் சாதத்தில் கை வைத்தார்கள்.

"ரசம்!" என்றார் ராஜா.

கதவை யாரோ உள்ளேயிருந்து காலால் உதைத்தார்கள்.

"ரசம் வந்துவிட்டது மகாராஜா. சாவிதான் மந்திரியாரிடம் இருக்கிறது."

மந்திரியின் வலது கை முழங்கைவரை சாம்பார். இடது கையால் முடிச்சைப் பிறாண்டினார். அது இன்னும் இறுகியது. பல்லால் இழுக்கலாமென்று குனிந்தார். தொந்தி விடவில்லை.

"எழுந்து கை கழுவிவிட்டு..."

"உட்காரும்!" என்று சீறினார் ராஜா. "செண்பகவல்லி, நீயே அவிழ்த்துவிடேன்."

"மந்திரியார் இடுப்பில் நான் கை வைப்பதா? மாடத்திலே அவர் சம்சாரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், மகாராஜா."

"அப்படியானால் முற்றத்து வழியாகச் சுற்றிக் கொண்டுவரச் சொல்!"

"அங்கேதான் அலமாரி நிற்கிறதே."

ராஜாவுக்குக் கை காய ஆரம்பித்தது. சாதம் விரலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. "இப்போது என்னதான் செய்வது? சொல்லித் தொலை!"

"பரிமாறுகிறவனுக்கு ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் கரண்டி. பூட்டுத் திறக்க மூன்றாவது கைக்கு எங்கே போவான்? இங்கே கதவே வேண்டாம், திரை போதும். இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கல்மேடை. அதன்மேல் தணல் சட்டி, அதில் ரசம். கரண்டியெல்லாம் கைக்கெட்டும் தட்டில். அப்பளக் கூடை சாலைப் பக்கத்து மூலையில். வெள்ளி கஜானாவுக்குப் போகட்டும், அது சாப்பிடப்போவதில்லை. முற்றத்து வழியைத் திறந்து விடுங்கள், எச்சில் பாத்திரம் அந்தப் பக்கமாகப் போகும்."

"உடையுங்கள் கதவை!" என்று கத்தினார் ராஜா.

யானையின் தும்பிக்கை முதலில் போயிற்று. பின்னாலேயே ரசம் வந்தது. ராஜா ஒரு வாய் குடித்தார். கிணற்றுத் தண்ணீர்.

"மந்திரிக்கு இன்னும் ஊற்று. தொன்னை நிறைய ஊற்று," என்றார்.

ஒரே வாரத்தில் அறையைச் செண்பகவல்லி சொன்னபடி மாற்றினார்கள். விருந்தன்று பக்கத்துச் சீமை ராஜா நாக்கைச் சுட்டுக்கொண்டு, மூன்றாவது தடவையும் ரசம் கேட்டார். அப்பளம் நொறுங்குகிற சத்தத்தில் இசைக்கச்சேரியே எடுபடவில்லை.

கோதண்டராயருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிச் செண்பகவல்லியிடம் நீட்டினார்.

"இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, அறை கட்டும்போதே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூன்று தடவை வந்து சொன்னேன் மகாராஜா. மூன்று தடவையும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று எழுந்து போய்விட்டீர்கள். எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்து உட்கார வைத்துச் சொன்னால்தான் காதில் ஏறும் என்று பந்தி போட்டேன்."