நாச்சம்மை திறக்காத பானை

முன்னொரு காலத்திலே, மேகங்கள் இளைப்பாறிப் போகிற ஒரு மலைநாட்டிலே, நாச்சம்மை என்றொரு தாய் இருந்தாள். அவளுக்கு ஒரே மகள், பெயர் மரிக்கொழுந்து.

அதே மலையில் சடைக்காடன் என்ற மந்திரவாதியும் இருந்தான். அவன் மரிக்கொழுந்தைப் பெண் கேட்டான். மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டான், மாட்டேன் என்றாள். மூன்றாம் தரம் கேட்டபோது சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு பிடி சாம்பலை ஊதி, அவளை ராணித் தேனீயாக்கிக் காட்டுத் தேனீக் கூட்டத்தில் விட்டுவிட்டான்.

"அந்தக் கூட்டம் உன் வீட்டில் தங்கி, ஒரு அடை முழுக்கத் தேன் நிறைந்தால் உன் மகள் உனக்கு. காட்டுத் தேனீ எவள் வீட்டில் தங்கியிருக்கிறது?" என்று நாச்சம்மையிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்த நாட்டில் தேனீ வளர்ப்பதை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை.

இரண்டு பேருக்கு அரிசி அளந்து பழகிய நாச்சம்மையின் கை, ஒருத்திக்கென்று குறைக்க மறுத்தது. மீந்த சோற்றைக் காக்கைக்கு வைத்துவிட்டு, "தாயே, என் பிள்ளை எந்தக் கிளையில் இருந்தாலும் நனையாமல் பார்த்துக்கொள்" என்று வேண்டுவாள்.

பங்குனியிலே ஒரு காலை, கொல்லைப் புங்கமரத்தில் தேனீக் கூட்டம் தாடி போலத் தொங்கியது. வீடு தேடும் தேனீ ஒன்று அவள் முன்னால் பறந்து வந்தது.

"பயப்படாதே ஆத்தா. உன் மகள்தான் எங்கள் ராணி. இடம் மாறும்போது வயிறு நிறையத் தேன் குடித்திருப்போம், கொட்ட மாட்டோம். மண்பானைக்குள் தேன்மெழுகு தடவி, பக்கத்தில் விரல் நுழைகிற துளை போட்டு வை. பிடித்தால் இருப்போம், பிடிக்காவிட்டால் போவோம். ஆனால் திறந்து மட்டும் பார்க்காதே."

நாச்சம்மை பானையைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையை ஒரே உலுக்காக உலுக்கினாள். கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. மூடி போட்டதும், மிச்சமெல்லாம் துளை வழியே வரிசையாக நடந்து போயின. ஆனாலும் பெற்ற மனசாயிற்றே. உச்சிப்பொழுது தாண்டவில்லை, திறந்துவிட்டாள். கூட்டம் எழுந்து போய்விட்டது.

எட்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்தது. இந்தத் தரம் மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் மழை கொட்டியது. பிள்ளை நனைகிறாளோ என்று ஒரு விரற்கடைதான் திறந்தாள். மறுபடியும் போய்விட்டது.

மூன்றாம் தரம் வந்தபோது, "அடிக்கடி திறந்தால் அது எங்களுக்கு வீடா ஆத்தா? பிடித்தால் இருப்போம், பிடிக்காவிட்டால் போவோம்" என்றது தேனீ.

கூட்டம் பானைக்குள் போனதும் நாச்சம்மை மூடியைச் சுற்றிக் களிமண் வைத்துப் பூசிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பானையில் காதை வைத்துக் கேட்பாள். ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். முருங்கை பூத்ததைச் சொல்வாள். தேனீக்கள் காலில் எதைச் சுமக்கின்றன, எதற்குச் சுமக்கின்றன என்று அவற்றிடமே கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நாற்பதாம் நாள் சடைக்காடன் வந்தான். "உன் மகள் செத்து ஒரு மாதமாயிற்று. வெறும் ஈக்களைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாயே பைத்தியக்காரி. சந்தேகமிருந்தால் திறந்து பார்."

நாச்சம்மையின் கை தானாக மூடிக்குப் போனது. துளையையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"காலில் மஞ்சள் மகரந்தத்தை உருட்டிக்கொண்டு போகிறார்கள், பாரும் ஐயா. குஞ்சுகளுக்கு ஊட்டத்தான் அது. முட்டையிடும் ராணி ஒரு மாதமாய் இல்லாத வீட்டில் குஞ்சு ஏது? என் மகள் உள்ளேதான் இருக்கிறாள். நான் பார்க்க வேண்டியதில்லை. நீர் போய் வாரும்."

அவன் ஆத்திரத்தோடு சாம்பலை அள்ளி ஊதினான். அந்த நேரம் உள்ளே அடையின் கடைசி அறையும் தேனால் நிறைந்தது. சாம்பல் வெறும் சாம்பலாகத் தரையில் விழுந்தது. மந்திரமெல்லாம் போய், சாதாரண மனுஷனாக மலையிறங்கிப் போனான். யாரும் அவனை ஒன்றும் செய்யவில்லை.

முற்றமெல்லாம் தேன் மணத்தது. யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. நாச்சம்மை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பார்த்தால் போய்விடுவாளோ என்ற பயம்.

"கூட்டத்துக்கு ஒரு சின்ன ராணியை வளர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவர்கள் இங்கேயே இருப்பார்களாம்" என்றது மகளின் குரல். "நான் எங்கேயும் போக மாட்டேன். நீ இனிப் பார்க்கலாம் அம்மா."

நாச்சம்மை கண் திறந்து மகளைப் பார்த்துக் குளிர்ந்தது போல, பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டுக் காத்திருக்கிற எல்லாத் தாயின் கண்ணும் குளிரட்டும். கதை கேட்ட நீங்களும் நன்றாயிருங்கள், கண்ணுகளா.