நூல் பிடித்த ராஜா

கொன்றைமங்கலம் என்று ஒரு சின்ன நகரம். வெகு காலத்துக்கு முன் அதைச் சிகாமணி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் தோன்றியது மத்தியானத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

அரண்மனையிலிருந்து கோயிலுக்குப் போக ஒரே தெரு. அது பாதி வழியில் வளையும். ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதரை வைத்துக்கொண்டு ராஜா பல்லக்கில் போனார். வளைவில் பல்லக்குச் சாய்ந்தது. மகுடம் உருண்டு சாக்கடையில் விழுந்தது. தூதர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டார், அதுதான் ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தெரு நூல் பிடித்தாற்போல் நேராக வேண்டும்" என்றார் சபையில்.

மந்திரி அறவாழி வாய் திறப்பதற்குள் நகர மணியக்காரர் வேதாசலம் எழுந்துவிட்டார். மந்திரிக்கு முன்னால் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷ ஏக்கம். "நூலே பிடித்துவிடுகிறேன் அரசே" என்றார்.

சொன்னபடியே செய்தார். அரண்மனை வாசலில் ஒரு முளை, கோயில் பக்கம் ஒரு முளை. நடுவில் வாசல், ஜன்னல் என்று நுழைத்து, சுவர் குறுக்கிட்டால் துளை போட்டு, பதினெட்டு வீடுகளுக்குள் நூல் இழுத்தார். நூல் போன வீடெல்லாம் இடிபட வேண்டியவை. கெடு ஐந்து நாள்.

வளைவில் செக்காட்டும் செம்பாயி சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, செக்கு ஒரு ஆள் ஆழத்துல நட்டது. பிடுங்கினா பிளந்துபோகும். அப்புறம் நான் எதை வச்சுப் பொழைக்கிறது?"

மணியக்காரர் குறுக்கே விழுந்தார். "அரசே, நூலுக்கு முகம் தெரியாது. வேண்டியவர், வேண்டாதவர் என்று அது பார்க்காது."

"சரிங்க. அந்த நூல் எங்க போய் முடியுதுன்னு பார்த்துட்டாவது இடிங்க" என்றாள் செம்பாயி.

எல்லாரும் அதை அழுகையோடு அழுகையாக விட்டுவிட்டார்கள். அறவாழி மட்டும் விடவில்லை. அவர் ராஜாவின் பக்கம் குனிந்தார்.

"அரசே, முளை அடித்து நூலும் கட்டியாகிவிட்டது. தெரு பிறந்துவிட்டது, வீடுகள்தான் இன்னும் விலகவில்லை. புதுத் தெருவில் முதல் காலடி தங்களுடையதாக இருக்க வேண்டாமா?"

ராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக் காலையே நடப்போம்."

"வீடுகளுக்குள்ளேயா?" என்றார் மணியக்காரர். அவர் குரல் லேசாக உடைந்ததை மந்திரி கவனித்துக்கொண்டார்.

மறுநாள் ராஜா நூலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். செம்பாயி வீட்டு நிலைப்படி தாழ்வு. தலை இடித்தது, மகுடம் நழுவியது. அதைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து போனார். உள்ளே செக்கு சுற்றிக்கொண்டிருந்தது. ராஜா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கோயிலுக்குத் தெரு வேண்டுமே அம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். செம்பாயியும் பின்னாலேயே வந்தாள்.

மூன்றாவது வீட்டில் அரச நூலில் ஈரத்துணி வரிசையாகக் காய்ந்தது. எல்லாம் கைக்குழந்தையின் துணி. அதற்குக் கீழே பாயில், பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஒரு பெண் எழ முயன்றாள். "படுத்துக்கொள்ளம்மா" என்று சொல்லி, துணிகளைக் கையால் விலக்கிக்கொண்டு ராஜா போனார். மாட்டுக்கொட்டில், அடுக்களை, சாமி மாடம் என்று பதினெட்டு வீடும் கடந்தன.

நூல் முடிந்தது. எதிரே கரி படிந்த ஒரு சுவர்.

"இது எந்த வாசல்?"

"வாசல் இல்லை அரசே, மடைப்பள்ளிச் சுவர்" என்றார் அறவாழி. "கோபுர வாசல் வலப்பக்கம் நாற்பதடி தள்ளி இருக்கிறது."

மந்திரி முளையைப் பிடுங்கினார். நாற்பதடி நடந்து கோபுர வாசலில் ஊன்றி நூலை இழுத்துப் பிடித்தார். அங்கிருந்து அரண்மனைக்கு நேர் பிடித்தால் குறுக்கே நின்றது மணியக்காரர் புதிதாகக் கட்டிய மாடி வீடு.

மணியக்காரர் முன்னால் ஓடிவந்தார். "அரசே, தெரு என்றால் சற்று வளைந்தால்தான் அழகு."

"நூலுக்கு முகம் தெரியாது என்றீரே" என்றார் ராஜா.

"நூல்மேல் குற்றமில்லை அரசே. அது நேராகத்தான் இருக்கும். முளை அடிக்கிற கையைத்தான் பார்க்க வேண்டும்" என்றார் மந்திரி.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இடியுங்கள் இவர் மாடியை."

"வேணாம் மகாராஜா. அங்கயும் பிள்ளைங்க இருக்கு" என்றாள் செம்பாயி.

இதை அவள் சொல்வாள் என்று மந்திரியும் எதிர்பார்க்கவில்லை. மணியக்காரர் தரையைப் பார்த்தார்.

பழைய தெரு வழியாகவே திரும்பினார்கள். வழியெல்லாம் குழி, தேங்கிய தண்ணீர். பல்லக்கில் போகிறவர் காலுக்கு அன்றுதான் அது தெரிந்தது. வளைவில் ராஜா நின்றார். ஒரு பக்கம் செம்பாயி வீடு. எதிர்ப்பக்கம் தெருவுக்குள் துருத்திக்கொண்டு ஒரு மதில். அதனால்தான் பல்லக்குக்கு அகலமாகத் திரும்ப இடமில்லை.

"இது யாருடைய மதில்?"

மணியக்காரர் மந்திரியைப் பார்த்தார், மந்திரி கையிலிருந்த மகுடத்தைத் துடைத்தார். கடைசியில் செம்பாயிதான் சொன்னாள்.

"உங்க மல்லிகைத் தோட்டத்து மதில் மகாராஜா. உங்க பாட்டனார் ஆறு முழம் வெளிய தள்ளிக் கட்டினாராம்."

ராஜா மதிலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கடப்பாரை கொண்டுவாருங்கள்" என்றார். முதல் கல்லை அவரே பெயர்த்தார்.

மதில் ஆறு முழம் உள்ளே போனது. குழிகள் நிரம்பின, சாக்கடைக்கு மூடி வந்தது. அரண்மனை விளக்குக்கு இனி செம்பாயி செக்கு எண்ணெய்தான் என்று உத்தரவானது. "முளை அடிக்கும் முன் அந்த வீட்டாரைக் கேட்டு அடிக்க வேண்டும். கேட்கப் போவது மணியக்காரர், நடந்தே" என்பது இன்னொரு உத்தரவு. மந்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "மகுடம் சுமந்த கூலி போதும், கனமாகத்தான் இருக்கிறது" என்றாராம். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

தெரு இன்றும் வளைந்துதான் போகிறது என்கிறார்கள். பல்லக்கு அப்புறம் சாயவே இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் ராஜாவின் கை பழக்கத்தில் மகுடத்துக்குப் போகும். செம்பாயி அதைத் தனக்கு வைத்த வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிடுவாள். இல்லை என்று ராஜா ஒருநாளும் சொன்னதில்லை.