இல்லாத அதிகாரி கையில் இருந்த சாவி

கூழைக்கோட்டைக்காரர்களுக்குத் தாங்கள் போரில் தோற்றுப்போன சேதியே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜெயித்த மேலைநாட்டு ராஜா தங்கமான மனுஷர். "உங்கள் நாட்டை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள். பழகும்வரை என் ஆள் ஒருத்தர் பார்த்துக்கொள்வார்" என்று நஞ்சய்யா என்ற அதிகாரியை அனுப்பிவைத்தார்.

கோட்டைக் கதவுச் சாவி நஞ்சய்யாவிடம் இருந்தது. ஊரார் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் கையில் அதிகாரி சாவியைக் கொடுத்துவிட்டால் ஊருக்குச் சுயாட்சி, நஞ்சய்யாவுக்கு வீடு. கொடுக்காமல் திரும்பினால் தலை தப்பாது. தை பிறந்ததும் அவர் மகளுக்குக் கல்யாணம் வேறு. அந்த அவசரத்தில்தான் மனுஷர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்குப் பயப்பட வேண்டாம். நான் இங்கே இல்லையென்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள்" என்றார் சபையிடம்.

சபை என்றால் கூத்தபெருமாள், தொப்பளான், மூக்காயி மூன்று பேர்தான். மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அடுத்த நிமிஷம் தொப்பளான் போய் நஞ்சய்யா மடிமேல் உட்கார்ந்தான்.

"நாற்காலி என்ன, மெத்துமெத்துன்னு இருக்கு?"

"காலி நாற்காலி அப்படித்தான்டா இருக்கும்" என்றாள் மூக்காயி.

மத்தியானம் பந்தியில் அவருக்கு இலை போடவில்லை. இல்லாதவருக்கு எதற்கு இலை? பாவம், பீரங்கி உடைத்த மதில் ஓட்டை வழியாகப் போய்ப் பக்கத்து ஊரில் சாப்பிட்டு வந்தார்.

தேர்தலும் நடந்தது. ஆளுக்கொரு பெயர் எழுதி ஓலையைப் பானையில் போடும்படி நஞ்சய்யா முன்பே சொல்லியிருந்தார். பானையில் போட்டதை வேகவைக்காமல் விடுவார்களா? வேகவைத்து எடுத்தபோது ஒரே ஓலையில்தான் எழுத்து மிஞ்சியிருந்தது. அது கூத்தபெருமாள் பெயர்.

நஞ்சய்யா சந்தோஷமாகச் சாவியை நீட்டினார்.

"ஐயோ, சாவி அந்தரத்துல நிக்குது!" என்று பின்வாங்கினார் கூத்தபெருமாள்.

"எடுத்துக்கங்கண்ணே" என்றான் தொப்பளான்.

"எப்படிடா எடுக்கிறது? அதிகாரி கையால குடுத்தாத்தான் செல்லும். அவருதான் இல்லியே!"

"ஐயா, இருக்கிறேன்! அன்றைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்!" என்று கத்தினார் நஞ்சய்யா.

மூக்காயி முகத்தைச் சுளித்தாள். "இல்லாத ஆளு பேச்சைக் கேட்டா நாடு உருப்படுமா?"

நெடுநேரம் ஆலோசித்துத் தங்கள் சுயாட்சியின் முதல் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி ராஜாவுக்கு அனுப்பினார்கள்: 'அதிகாரி யாரையும் காணோம். சீக்கிரம் ஒருவரை அனுப்பவும்.'

மார்கழிக் கடைசியில் புது அதிகாரி வந்து சேர்ந்தார். நஞ்சய்யா ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். வந்தவர் அவரைத் தட்டிக்கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். மூக்காயி மாலை போட்டாள். கூத்தபெருமாள் சாவிக்காக இரண்டு கையையும் ஏந்தினார்.

புதியவர் மரியாதை தெரிந்தவர். கொடுக்குமுன் நாலு வார்த்தை பேச நினைத்தார்.

"இனி இது உங்கள் ஆட்சி. நான் ஒருவன் இருப்பதையே..."

நஞ்சய்யா பாய்ந்து அவர் வாயைப் பொத்தப் போனார்.

"...மறந்துவிடுங்கள்!"

கூத்தபெருமாள் ஏந்திய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

"நல்ல மனுஷன். மாலை வாடுறதுக்குள்ள போயிட்டாரே" என்று மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத தாயி. எடு ஓலையை" என்றார் தலைவர். "இந்தத் தடவையாவது கொஞ்சம் நிலையா இருக்கிற ஆளா அனுப்பச் சொல்லி எழுது."