தக்கையைத் தொட்டவர்

ஒரு படகுக்கு இருவர் உரிமை கேட்டனர். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இதைப் படிப்பவர்தான். ஆகவே இரக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் படிப்பது நல்லது.

சிறு பாய்ப்படகுகளைக் காரின் பின்னால் பூட்டிய இழுவண்டியில் ஏற்றிச் சென்னையிலிருந்து பழவேற்காட்டு ஏரிக்குக் கொண்டுவந்து ஓட்டும் சங்கம் ஒன்று இருந்தது. கஜேந்திரனும் அவர் மனைவி தமயந்தியும் அதில் மூத்த உறுப்பினர்கள். பழைய இரும்புக் கடையொன்றின் முற்றத்தில் கோழிகள் அடைகாத்துக் கிடந்த ஒரு படகுக் கூட்டை அவர்கள் வாங்கி வந்தனர். உளுத்த பலகைகளை அறுத்தெறிந்து, கண்ணாடியிழை ஒட்டி, புதுப் பாய்மரம் நட்டு, பல ஆண்டு உழைப்பில் அதை மறுபடியும் படகாக்கினர். இருக்கைகளுக்கு அடியில் நுரைக்கட்டிகளைத் திணித்தவர் தமயந்தி. எவ்வளவு நீர் புகுந்தாலும் அப்படகு அடியோடு மூழ்காது. பின்பலகையின் கீழிருந்த வடிகால் துளையை அடைக்கக் கடைகளில் விற்கும் தக்கை எதுவும் பொருந்தவில்லை. பித்தளையில் ஒன்றைக் கடையச் செய்து வாங்கியவரும் அவரே.

படகு வண்டியில் நிற்கும்போது மழைநீர் வடிவதற்காகத் தக்கையைக் கழற்றிவிடுவார்கள். ஏரியில் இறக்குமுன் மறுபடி திருக வேண்டும். அதை மறப்பதைவிட வெட்கக்கேடான பிழை இழுவண்டிப் படகுக்காரர்களுக்கு வேறில்லை. ஆகவே சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரையில் நிற்பவர் ஒருவர் "தக்கை?" என்று உரக்கக் கேட்பார். சுக்கான் பிடிக்கப் போகிறவர் குனிந்து, தக்கையை விரலால் தொட்டு, "தொட்டேன்" என்பார். உறுப்பினரின் சொல் போதும். வேறு யாரும் சரிபார்ப்பதில்லை.

கஜேந்திரன் மருத்துவமனையில் காலமானார். காரியம் முடிந்த மறுநாளே, அதே சங்கத்தில் உறுப்பினராக இருந்த அவருடைய தம்பி தயாபரன் படகைக் கேட்டு வந்தார். அண்ணன் கடைசியாகப் பேசியது தன்னிடம்தான் என்றும், "படகு உனக்கு" என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும் கூறினார். அப்போது அறையில் வேறு எவரும் இல்லை. தமயந்தி மறுத்தார். விவகாரம் சங்கத்துக்குப் போயிற்று. செயலாளர் வேதரத்தினம், உறுப்பினரின் சொல்லை ஐயுறுவது நம் மரபன்று என்று சொல்லிப் படகைத் தயாபரனுக்கே விட்டுவிட்டார்.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணி கயிறும் பாயும்? கோயில் குளம்னு நிம்மதியா இருங்க" என்றார் தயாபரன். கூடியிருந்தவர்களில் சிலர் சிரித்தனர். சிரித்தவர்கள் யார் யார் என்பதைத் தமயந்தி பார்த்துக்கொண்டார்.

பாய், துடுப்பு, நங்கூரம், வண்டிப் பூட்டின் சாவி என்று தயாபரன் கேட்டவை அனைத்தையும் தமயந்தி மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தார். தக்கையைத் தயாபரன் கேட்கவில்லை. அது எப்போதும்போலத் தமயந்தியின் கைப்பையில் இருந்தது.

பக்கவாட்டில் இருந்த பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தயாபரன் தம் பெயரை எழுதினார். பருவத்தின் முதல் ஓட்டத்தன்றுதான் படகை முதன்முறையாக நீருக்குக் கொண்டுவந்தார். கஞ்சி போட்ட வெள்ளை உடை. மரியாதைக்காகச் செயலாளரை முன்பக்கத்தில் அமர்த்தினார். கரையில் நின்று கேட்கும் பொறுப்பை அன்று தமயந்தி தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"தக்கை?"

சட்டை மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து நின்றபடியே தயாபரன், "தொட்டேன்" என்றார்.

"நல்லாத் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

"தொட்டாச்சு அண்ணி. பாடம் எடுக்காதீங்க."

தமயந்தி கைப்பையை மூடினார்.

நீர் முதலில் தரைப்பலகைக்கு அடியில்தான் நிறையும்; காலில் படும்போது காலம் கடந்திருக்கும். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் படகு கனத்து, ஒருபுறம் சரிந்து, விளிம்புவரை அமிழ்ந்து நின்றது. அங்கே ஏரி இடுப்பளவுதான். செயலாளரும் புதிய உரிமையாளரும் சேற்றில் செருப்புகளைப் பறிகொடுத்து, கொக்குகள் விலகி வழிவிட, நடந்து கரையேறினர். அன்றும் சிலர் சிரித்தனர்.

உடை மாற்றியதும் சங்கம் கூடியது. தமயந்தி பித்தளைத் தக்கையை மேசைமேல் வைத்தார்.

"இது என்கிட்டதான் இருந்தது. தெரிஞ்சேதான் அனுப்பினேன்."

"என்னையும் சேர்த்தாம்மா?" என்றார் வேதரத்தினம்.

"அவர் சொல்லை அன்னிக்கும் நம்பினீங்க, ஐயா. இன்னிக்கும் நம்பித்தானே ஏறினீங்க?"

படகின் உறுப்பை ஒளித்து வைத்தது திருட்டு என்று தயாபரன் வாதிட்டார். பிறகு, தமக்கே வெற்றி என்ற குரலில், "பெத்தவ பிள்ளையைத் தண்ணியில தள்ளுவாளா? நிஜமான சொந்தக்காரி தன் படகையே மூழ்கடிப்பாளா? இதுலயே தெரியலையா இது யாரோடதுன்னு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஆமோதித்துப் பலர் தலையசைத்தனர்.

படிப்பவரே, செயலாளரின் இடத்தில் இருந்தால் நீங்கள் படகை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: தமயந்திக்கு. தயாபரனின் உரிமைக்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு ஆதாரம் என்றுமே இருந்ததில்லை. இல்லாத தக்கையைத் தொட்டதாக ஊரறியச் சொன்னவர், யாருமில்லாத அறையில் கேட்டதாகச் சொன்னதை இனி யார் ஏற்பது? ஒன்று பொய்யானதால் மற்றதும் பொய் என்று நிறுவப்பட்டுவிடவில்லைதான். ஆனால் சொல்லை மட்டுமே ஊன்றி நின்றவருக்கு, அது முறிந்தபின் நிற்க இடமில்லை; கணவரின் படகு மனைவியிடமே மீள்கிறது. பிள்ளையைத் தள்ளிய தாய் என்ற வாதம் கெட்டிக்காரத்தனமானது. எனினும் நுரைக்கட்டிகளைத் தம் கையால் திணித்தவருக்குப் படகு அழியாது என்பது தெரியும். ஏரியின் ஆழமும் தெரியும். தயாபரன் இரண்டையும் அறியாமலேயே சொந்தம் கொண்டாடினார். தமயந்தி செய்தது பழிவாங்கல்தான். அதை அவர் மறைக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. குனிந்து பார்க்க இருமுறை வாய்ப்பளித்த பிறகே பழியை வாங்கினார். இப்போது தயாபரன் யாருடைய படகில் நின்று "தொட்டேன்" என்றாலும், கரையில் நிற்பவர் வந்து குனிந்து பார்க்கிறார். தமயந்தி வாங்க நினைத்தது அதைத்தான். படகு கூடவே வந்தது.