ஏழு முறை கழற்றிய கார்பரேட்டர்

தணிகாசலம் தன் குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். முப்பது வருஷம் லாரிகளின் டீசல் என்ஜினோடு மல்லுக்கட்டியவர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டர் டீசல் என்ஜினுக்குக் கிடையாது. அதனால் கடற்கரை மீட்புக் குழுவில் வண்டி பார்க்கும் வேலை கிடைத்ததும், ஐம்பத்திரண்டு வயதில், ரோஸ்லினின் பைக் பட்டறைக்குப் போய்க் கைகட்டி நின்றார். அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள்.

குழுவுக்கு இருந்தது ஒரே வண்டி. மணலில் ஓடும் நாலு சக்கர பைக். பின்னால் மிதவை வளையமும் நீளமான கயிறும் கட்டியிருக்கும். அலையில் யாராவது சிக்கினால் அது போய்ச் சேர வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேரவில்லை. பாதி வழியில் திணறி நின்றுவிட்டது. கரையின் வடக்குக் கண்காணிப்புக் கோபுரத்துக் காவலன் இன்பராஜ் மிதவை இல்லாமலே நீந்திப்போய் ஒரு பெண்ணை இழுத்து வந்தான். அவள் பிழைத்துக்கொண்டாள். இன்பராஜ் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நாளை காணும் பொங்கல். கரையில் எள் போட்டால் எள் விழாது. 

“ஏழு தடவை கழற்றிட்டேன் மாஸ்டர். ஜெட், ஃப்ளோட் எல்லாத்தையும் ஊதித் தொடச்சு மாட்டினேன். மாட்டினா பறக்குது. ஒரு கிலோமீட்டர் போனதும் ரேஸ் குடுக்கக் குடுக்க அடங்கிடுது. என் கையில என்ன குத்தம், சொல்லுங்க.”

மூன்று முறை அவர் அந்தக் கார்பரேட்டரைத் துணியில் சுற்றிப் பட்டறைக்கே கொண்டுவந்திருக்கிறார். மூன்று முறையும் அது பூஜைப் பாத்திரம்போல மின்னியது. இந்த முறை ரோஸ்லினே கடற்கரைக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

“எதையும் கழற்ற வேணாம். ஏறுங்க. நிக்கிற வரைக்கும் ஓட்டுங்க.”

“நிக்கிற வரைக்குமா?”

“கழற்றின கார்பரேட்டரைத்தான் இதுவரைக்கும் காட்டினீங்க. நின்னுபோன வண்டியைக் காட்டவே இல்ல.”

தெற்குக் கோபுரத்திலிருந்து கிளம்பினார்கள். அவள் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. தணிகாசலத்துக்கு அதிலும் எரிச்சல்தான். வைத்தியர் வந்ததும் வலி ஓடிப்போன நோயாளி மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தார்.

பயப்படத் தேவையில்லாமல் போயிற்று. படகுத்துறையைத் தாண்டியதும் என்ஜின் இருமியது. கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அழுத்தினார். சத்தம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. இன்னும் அழுத்தினார். வண்டி நின்றது.

“பாத்தீங்களா!” என்றார், ஏதோ ஜெயித்தவரைப் போல.

அப்போது விசில் கேட்டது. நீளமாக மூன்று முறை. வடக்குக் கோபுரத்தில் சிவப்புக் கொடி ஏறியது. இன்பராஜ் தண்ணீருக்குள் ஓடுவது இங்கிருந்தே தெரிந்தது. அவனுக்கு அப்பால், அலைக்குப் பின்னால், ஒரு தலை மட்டும் தெரிந்தது.

மிதவையும் கயிறும் இங்கே இருந்தன.

தணிகாசலம் குதித்து இறங்கி டூல்ஸ் பையை அவிழ்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“இருபது நிமிஷம். முடிச்சிடுவேன்.”

“இருபது நிமிஷம் அவன் தாங்குவானா?”

ஸ்க்ரூ டிரைவர் மணலில் விழுந்தது. “அப்ப நான் மிதவையைத் தூக்கிட்டு ஓடுறேன்.”

“ஓடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. கார்பரேட்டர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“பெட்ரோல் இருக்கான்னு பார்ப்பேன்.”

“பாருங்க.”

“காலையிலதான் ஃபுல் பண்ணேன் மாஸ்டர். அங்க அவன்...”

“பாருங்க அண்ணே!”

இந்த நாலு மாதத்தில் அவள் குரல் உயர்த்தி அவர் கேட்டதில்லை. டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று டேங்க் நீளமாக மூச்சிழுத்தது. அவருக்குப் பழகிய சத்தம்தான். வெயிலில் பெட்ரோல் சூடேறிய சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்லின் மூடியைப் பிடுங்கினாள். அதன் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயில் ஏதோ கட்டியிருந்தது. பல்லால் கடித்து இழுத்துப் பிய்த்தாள். மூடியைத் திரும்ப மாட்டினாள்.

“பத்து எண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.”

“எண்ணணுமா?”

“கார்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கட்டும். எண்ணுங்க.”

எண்ணினார். வாழ்க்கையில் அத்தனை நீளமாகப் பத்து வரை அவர் எண்ணியதில்லை. ஆறில் மறுபடி விசில் வந்தது. எட்டில் இன்பராஜின் தலையும் அலைக்குள் போனது. பத்தில் பொத்தானை அழுத்தினார்.

என்ஜின் உறுமியது. ரோஸ்லின் பின்னால் ஏறிக்கொண்டாள். கட்டைவிரல் சொன்னதைச் சக்கரம் கேட்டது.

வடக்குக் கோபுரத்தருகே தணிகாசலம் வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் மார்பளவு தண்ணீருக்குள் போய் மிதவையை வீசினார். முதல் வீச்சு தவறியது. இரண்டாவதை இன்பராஜ் பிடித்தான். அவன் இன்னொரு கையில் ஒரு ஆள் துவண்டு கிடந்தார். கரையிலிருந்தவர்களும் ரோஸ்லினும் கயிற்றை இழுத்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள்.

இன்பராஜ் மணலில் மல்லாந்து கிடந்தபடி, “இன்னிக்கு வண்டி வந்துடுச்சே!” என்று சிரித்தான். தணிகாசலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைக்கும் சாக்கில் வண்டிக்குப் பின்னால் போனார்.

அங்கே ரோஸ்லின் உள்ளங்கையை விரித்தாள். சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு துண்டு. நூல் சுற்றி இறுக்கியிருந்தது.

“இது யார் வேலை?”

“நான்தான். முதல் தடவை கழற்றினப்ப ஜெட் ஓட்டையில மணல் அடைச்சிருந்துச்சு. இந்தக் குழாய் வழியாத்தான் போச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கே கட்டிட்டேன்.”

“அந்தக் குழாய் எதுக்கு இருக்கு?”

அவர் மூடியைப் பார்த்தார். குழாயின் முனையை விரலால் தொட்டார்.

“காத்துக்கு,” என்றார். “காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும்.”

“அதுக்கப்புறம் ஆறு தடவை கழற்றினீங்க. மணல் இருந்துச்சா?”

“ஒண்ணுகூட இல்ல. சுத்தமா இருந்துச்சு.”

“சுத்தமா இருந்ததை எதுக்குச் சுத்தம் பண்ணீங்க?”

“பண்ணினா ஓடுச்சே மாஸ்டர்!”

சொல்லி முடித்த பிறகுதான், அந்த ஆறு முறையும் முதல் வேலையாக மூடியைத் திறந்ததும், டேங்க் மூச்சிழுத்ததும் அவருக்கு ஞாபகம் வந்தது.

காற்று பலமாக அடித்தது. மணல் வண்டியின் மேலெல்லாம் சரசரவென்று விழுந்தது. தணிகாசலத்தின் கை, அவரைக் கேட்காமலே, அந்தக் குழாயை மூடப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“மறுபடி மணல் உள்ள போயிடுச்சுன்னா?”

ரோஸ்லின் ட்யூப் துண்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“போனா கழற்றிச் சுத்தம் பண்ணுங்க அண்ணே. அதுதான் உங்களுக்கு நல்லா வருதே.”