வேனின் குணம்

மலைமேல் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்கு வேன் வந்து சேர்ந்த அன்று, குரு மெய்யம்மை அதன் சாவியை அருளப்பனிடம் கொடுத்தார்.

அருளப்பன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனால் சீடர்களில் அவர்தான் கடைசியாக வந்து சேர்ந்தவர்.

வேன் பழையது. ராசிபுரத்தில் ஒரு புரோக்கர் மூலம் வாங்கியது. சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். டயாலிசிஸுக்கு பஸ்ஸில் கீழே போய், முடிந்ததும் துவண்டுபோய், அதே பஸ்ஸில் நின்றுகொண்டே மேலே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் வேன்.

அருளப்பன் பல நாள் அந்த வேனிலேயே கிடந்தார். ஆயில் மாற்றினார். பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட வைத்தார். டயர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சீட்டுகளைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். எவ்வளவு தேய்த்தும் உள்ளே ஒரு பெருங்காய வாசனை மட்டும் போகவில்லை.

முதல் பயணத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு மதியம் குருவிடம் வந்தார்.

"அம்மா, இந்த வண்டி ரொம்ப வருஷம் உழைக்கணும். என்னால் ஆனதெல்லாம் செஞ்சுட்டேன். இன்னும் என்ன செய்யணும்?"

குரு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது ஏன் பெருங்காயம் மணக்குது?"

"தெரியலைம்மா."

"இதுக்கு முந்தி யாரு வச்சிருந்தாங்க?"

"பேரு ஆர்.சி. புக்குல இருக்கு. பார்த்ததில்லை."

"போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

அருளப்பன் சிரித்தார். "வித்தவன் உண்மையைச் சொல்லுவானாம்மா?"

"விக்கிறப்போ சொல்ல மாட்டார்தான். இப்பத்தான் வித்து முடிச்சாச்சே" என்றபடி குரு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வேனின் முந்தைய சொந்தக்காரர் செங்கோடன், கல்யாணச் சமையல் செய்தவர். முட்டி தேய்ந்து தொழிலை விட்டவர். வாசலில் தன் பழைய வேன் வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"வித்த வண்டிக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க."

"குறை சொல்ல வரலைங்க" என்றார் குரு. "இத்தனை வருஷம் கூட இருந்திருக்கீங்க. இதோட குணம் என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

செங்கோடன் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கி வந்தார். பானெட்டின் மேல் கை வைத்தார். மாட்டின் முதுகைத் தடவுவதுபோல ஒரு தடவு தடவினார்.

"பெருங்காயம் இன்னும் மணக்குதுங்களா?"

"மணக்குது."

"அது போகாதுங்க. ஒருக்கா ஒரு டப்பாவே உள்ள கவுந்துபோச்சு."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மழை நாளில் இடப்பக்கக் கதவு சரியாகச் சாத்தாது, இழுத்து ஒரு தட்டுத் தட்டணும். குளிர்ந்த காலையில் எடுத்தவுடனே விரட்டினால் இருமும். தண்ணீருக்குள் இறங்கி வந்தால் பின்பக்கப் பிரேக் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது.

அருளப்பனுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார்.

"மூணாவது கியர்ல ஒரு சத்தம் வருதே?"

"பொறந்ததுல இருந்தே வருதுங்க. அது ஒண்ணும் பண்ணாது."

"ஏத்தத்துல எப்படி?"

செங்கோடன் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். குருவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க மலைக்கா கொண்டுபோறீங்க?"

"ஆமாங்க. நோயாளிகளைக் கூட்டிட்டுப் போக."

செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ஒரு தடவை அடிபட்டுச்சுங்க. அப்ப ரேடியேட்டர் போயிருச்சு. வேற வண்டியோடதை வாங்கிப் போட்டேன். கொஞ்சம் சிறுசு. சமவெளியில ஒண்ணும் தெரியாது. மலை ஏறினா சூடு காட்டுற முள்ளு மேல போகும். பாதிக்கு மேல போனா ஓரங்கட்டி நிறுத்திருங்க. சூட்டோட மூடியைத் திறந்துராதீங்க. முடிஞ்சா சரியான ரேடியேட்டரா மாத்திருங்க."

அருளப்பனுக்குச் சுர்ரென்றது. "இதை விக்கும்போதே ஏன் சொல்லலை?"

"யாருமே கேக்கலீங்க. பெயிண்ட்டைப் பார்த்தாங்க, எடுத்துட்டுப் போயிட்டாங்க."

திரும்பும்போதும் அருளப்பன்தான் ஓட்டினார். மலைப்பாதை தொடங்கியதும் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"திருப்பிக் கொடுத்துடலாம்மா. அடிபட்ட வண்டி. மறைச்சு வித்திருக்காங்க."

"முள்ளைப் பாருங்க ஐயா."

முள் பாதியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு வளைவை ஒட்டி அகலமான இடம் பார்த்து அருளப்பன் நிறுத்தினார். இருவரும் இறங்கினார்கள். பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்தார்கள். கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மரங்களில் பறவைகள் அடங்கும் சத்தம்.

முள் இறங்கியதும் கிளம்பினார்கள். அதற்குள் நன்றாக மங்கிவிட்டது.

அடுத்த வளைவில் மேலிருந்து பஸ் ஒன்று முழு வெளிச்சத்துடன் இறங்கி வந்தது. அருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் தடுமாறி, மண்ணில் இறங்கி நின்றது. பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கடந்து போனது. குருவின் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே தடுப்புச் சுவரும், அதற்கு அப்பால் பள்ளமும் இருந்தன.

அருளப்பன் இஞ்சினை அணைத்தார். அவர் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"வண்டி மேல தப்பில்லைம்மா."

குரு பள்ளத்திலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா சாயங்காலம் எதிர்வெளிச்சம் பட்டா கண்ணு கூசுது. கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே தெரியாது. ரயில்வேயில இருந்த வரைக்கும் வருஷா வருஷம் கண்ணைச் சோதிப்பாங்க, ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை. அதனால எனக்கே ஒத்துக்க மனசு வரலை. சொன்னா சாவியை வாங்கிடுவீங்களோன்னு பயம்."

"நானும் கேக்கலையே" என்றார் குரு.

அருளப்பனின் கண்கள் நிறைந்தன. "செங்கோடன் ஒரு ரேடியேட்டரைத்தான் மறைச்சார். நான் இந்தக் கண்ணோட மூணு நோயாளிகளை ஏத்திட்டு வந்திருப்பேன்."

"பகல்ல எப்படித் தெரியுது?"

"பகல்ல துல்லியமாத் தெரியும்மா."

"ஆஸ்பத்திரியில காலை நேரத்தைக் கேட்டு வாங்குவோம். வெயில் இருக்கும்போதே மேல வந்துடணும். வராட்டி ராத்திரி கீழேயே தங்கிடணும். நாளைக்கே கண் டாக்டரைப் பார்த்துடுங்க. அவர் ஓட்டலாம்னு சொன்ன பிறகுதான் மத்ததெல்லாம்."

"சரிம்மா."

"இப்போ இங்கிருந்து நான் ஓட்டுறேன். தள்ளி உட்காருங்க."

அருளப்பன் இடம் மாறி உட்கார்ந்தார். குரு கண்ணாடியைச் சரிசெய்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அருளப்பனுக்கு மனம் ஆறவில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? பேசாம இந்தப் பொறுப்பையே வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுங்களேன்."

குரு சாவியைத் திருகினார்.

"அவருக்கு எதுல கண்ணு கூசும்னு எனக்குத் தெரியாதே ஐயா."